தாளில் வராத பெயர்கள்

போன வருடம் நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்குச் செம்மை பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கிள்ளானில் ஒரு பிரிண்ட் கடைக்குப் போனேன். முதல் தாள் வெளியே வந்ததுமே கடைத் தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, ஓரத்துல செவப்பா என்னென்னமோ வருதே, இப்படியேவா அடிக்கணும்?”

வந்தவை என் குறிப்புகள். ‘இந்த உவமை வேணாம்.’ ‘இந்தப் பத்தியையே தூக்கிடலாம்.’ நண்பர் பார்த்தால் ஆறு மாசத்துக்குப் பேச மாட்டார். தம்பி அச்சுப் பக்கத்தில் ஒரு பட்டியலைத் திறந்து, ‘பிரிண்ட் மார்க்கப்’ என்பதற்குப் பக்கத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார். அடுத்த தாள் பளிச்சென்று வந்தது.

அந்தச் சுத்தமான தாளைப் பார்த்தபோது எனக்கு ரபீக் ஹரிரி வழக்குதான் ஞாபகம் வந்தது.

லெபனானின் முன்னாள் பிரதமரான ஹரிரி, 2005 பிப்ரவரி 14 அன்று பெய்ரூட் கடற்கரைச் சாலையில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து 22 பேர் செத்தார்கள். விசாரிக்க ஐ.நா. ஓர் ஆணையத்தை அமைத்தது. தலைவர், டெட்லெவ் மேலிஸ் என்ற ஜெர்மானிய அரசு வழக்கறிஞர். அக்டோபர் 20 அன்று அவர் தன் அறிக்கையை ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானிடம் கொடுத்தார். மூத்த லெபனான், சிரிய அதிகாரிகள் சேர்ந்து ஹரிரியைக் கொல்ல முடிவெடுத்தார்கள் என்று ஒரு சாட்சி சொன்னதாக அதில் ஒரு வரி இருந்தது. ஒருவர் பெயரும் அதில் இல்லை.

ஆனால் ஊடகங்களுக்குப் போனது வேர்ட் கோப்பு. அதைத் திறந்து, திருத்தங்களைக் காட்டு என்று சொன்னவர்களுக்கு அந்த வரியின் பழைய வடிவம் தெரிந்தது. ‘மூத்த அதிகாரிகள்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஐந்து பெயர்கள். அன்றைய சிரிய அதிபர் பஷார் அல் அசாத்தின் தம்பி மாஹெர், மைத்துனர் ஆசெஃப் ஷவ்கத், லெபனானின் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் ஜமீல் அல் சயீத், இன்னும் இரண்டு பேர். பெயர்கள் நீக்கப்பட்ட நேரமும் கோப்பிலேயே பதிவாகியிருந்தது: அறிக்கை கைமாறிய அதே நாள்.

அன்னான் சொல்லித்தான் எடுத்தார்களா? மறுநாள் செய்தியாளர்கள் மேலிஸைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்தேன் என்றார் அவர். அறிக்கை பொதுவில் வரப்போகிறது என்று தெரிந்ததும் எடுத்தாராம். ஒரே ஒரு சாட்சியின் பேச்சு அது, பெயரைப் போட்டால் நிரூபணமான உண்மைபோல ஆகிவிடும் என்பது அவர் வாதம்.

அச்சுக்கூடக் காலத்தில் இந்த விபத்து நடந்திருக்காது. மெய்ப்புத் தாளில் மையால் அடித்துக் கொடுப்பார்கள். அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளைப் பிடுங்கி வேறு எழுத்துகளைச் செருகுவார். பிடுங்கிய எழுத்து அறைக்குத் திரும்பிப் போகும், இன்னொரு வாக்கியத்துக்கு வேலை செய்யும். மெய்ப்புத் தாள் குப்பைக்கு. அச்சேறும் பக்கத்துக்குப் பழைய வரி என்ன என்று ஒன்றும் தெரியாது. வேர்டில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. நீக்கிய சொல் எங்கேயும் போகாது. யார் நீக்கினார், எப்போது நீக்கினார் என்ற விவரத்தோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அன்றைய வேர்டில் குறிகளை மறைத்துக் காட்டும் பார்வைக்கு வைத்திருந்த பெயர் ‘ஃபைனல்’! அதை நம்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? உண்மையில் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்றால்தான் பழைய சொல் போகும். மறைந்து கிடப்பதைத் தேடித் துடைக்கும் ‘டாக்குமெண்ட் இன்ஸ்பெக்டர்’ 2007 பதிப்பில்தான் வேர்டுக்குள் வந்தது.

இதை ‘அம்பலமான ரகசியம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன். அப்புறம் ஜமீல் அல் சயீத் பற்றி வாசித்தேன். அறிக்கை வருவதற்கு முன்பே அவரையும் வேறு மூன்று லெபனான் தளபதிகளையும் கைது செய்திருந்தார்கள். குற்றச்சாட்டே பதியாமல் ஏறக்குறைய நான்கு வருடம் சிறையில் வைத்திருந்து, போதிய ஆதாரம் இல்லை என்று 2009 ஏப்ரலில் விட்டார்கள். ஆசெஃப் ஷவ்கத் 2012-இல் டமாஸ்கஸ் குண்டுவெடிப்பில் செத்துப்போனார். சிறப்புத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னபோது குற்றவாளி என்று கண்டது ஹெஸ்புல்லாவைச் சேர்ந்த சலீம் அய்யாஷ் ஒருவரை மட்டும். சிரியத் தலைமைக்கு நேரடித் தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. அந்த ஐவரும் சுத்தமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிரிய உளவுத்துறையின் கை எவ்வளவு நீளம் என்று லெபனான்காரர்களுக்குத் தெரியும். ஆனால் மேலிஸ் அந்தப் பெயர்களை எடுத்தது சரி என்றே இப்போது நினைக்கிறேன். நியாயமான ஒரு திருத்தம், அரைகுறையாகச் செய்ததால், சதி மாதிரி தெரிந்தது. எடுக்காமலே விட்டிருந்தால்கூட அந்தப் பெயர்கள் இவ்வளவு பேசப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

தாள்களை நண்பரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “அப்படியே கோப்பையும் மெயில்ல போட்டு விடுங்க” என்றார். வீட்டுக்கு வந்து எல்லாத் திருத்தங்களையும் ஏற்று, குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்து, வேறு பெயரில் சேமித்து அனுப்பினேன். பழைய கோப்பு இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது.