கத்தி இடம் மாறிய வரலாறு

ஆண் இனப்பெருக்க மண்டலத்தின் படத்தைப் பள்ளிப் பாடநூலில் எல்லோரும் பார்த்திருப்போம். விந்தணு உருவாக, உடலின் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான வெப்பம் வேண்டும். அதனால் விந்தகங்கள் வயிற்றுக்கு வெளியே, விதைப்பையில் இருக்கின்றன. அங்கே உருவாகும் விந்தணு, விந்தகத்தின் பின்புறம் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாயில் முதிர்ச்சி அடைந்து, விந்துநாளத்தின் வழியாக மேலேறுகிறது. வழியில் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தங்கள் திரவங்களைச் சேர்க்கின்றன. வெளியேறும் விந்தில் பெரும்பகுதி இந்தத் திரவங்கள்தான். விந்தணுக்களின் பங்கு மிகக் குறைவு.

இந்தப் படத்தை வைத்தே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விந்துநாளம் விதைப்பையின் தோலுக்கு அடியில், விரலால் தொட்டு உணரக்கூடிய இடத்தில் ஓடுகிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிடங்களில் அதைத் துண்டித்துக் கட்டிவிடலாம். ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் இந்தக் குழாயில் செல்வதில்லை; விந்தகத்திலிருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. எனவே ஆசையும் விறைப்பும் அப்படியே இருக்கும். விந்தும் வெளியேறும், அதில் விந்தணு மட்டும் இருக்காது. பெண்ணின் கருக்குழாயோ அடிவயிற்றுக்குள் இருக்கிறது. அதைக் கட்ட வயிற்றைத் திறந்தாக வேண்டும். அப்படியிருக்க, கத்தி ஏன் பெண்ணின் வயிற்றையே தேடி வருகிறது?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் ஆண்களுக்கான அறுவையே மிகுதி. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். அவர்களை அழைத்துவந்ததில் பணத்துக்கும் பரிசுப் பொருள்களுக்கும் பெரும்பங்கு உண்டு. வறுமையை விலை பேசிய திட்டம் அது.

நெருக்கடி நிலையில் பரிசு போய்க் கட்டாயம் வந்தது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது. ஏழைகள், முஸ்லிம்கள், தலித்துகள்மீதே இந்த வன்முறை அதிகமாக விழுந்தது. அது ஆண்கள்மீது நடந்தது என்பதால் சிறியதாகிவிடாது. 1977 தேர்தலில் வட இந்தியா அதற்குப் பதில் சொன்னது, ஆட்சி கவிழ்ந்தது.

அரசு அதிலிருந்து கற்ற பாடம்தான் நம் கவனத்துக்குரியது. ‘யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது’ என்பதைவிட, ‘ஆணைத் தொடக் கூடாது’ என்பதையே அது நன்றாகக் கற்றுக்கொண்டது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயர் ‘குடும்ப நலம்’ ஆயிற்று. 1977-78இல் மொத்த அறுவைகள் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கின; அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பெண்களுக்கு. இலக்குகளும் முகாம்களும் ஊக்கத்தொகையும் பிறகும் தொடர்ந்தன. மேசையில் படுத்த உடல்தான் மாறியது. பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், வலி ஆறுவதற்குள் கேட்டுச் சம்மதம் வாங்குவது எளிதாயிற்று.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்தார். அவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. எந்த ஆட்சியும் கவிழவில்லை. ஆண்களுக்கு நேர்ந்தது அரசியல் வரலாறாகப் புத்தகங்களில் நிலைத்தது. பெண்களுக்கு நேர்ந்தது மருத்துவ விபத்தாகச் செய்தித்தாளோடு முடிந்தது.

‘அவர் வேலைக்குப் போகிறவர், பாரம் தூக்க வேண்டாமா?’ என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். வயிற்றில் தையலோடு குடம் தூக்குகிறவளைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல் வராது. ஆண்மை போய்விடும் என்ற பயமோ உடலைப் பற்றிய அறியாமையில் நிற்கிறது. அந்த அறியாமையைப் போக்க அரசு பெரிதாக மெனக்கெடவில்லை.

ஆண்களை மறுபடி பிடித்து வர வேண்டும் என்பதல்ல நம் கோரிக்கை. மருத்துவமனையில் மனைவியிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி கணவரிடமும் கேட்கப்பட வேண்டும். எது எளிய அறுவை, அதற்குப் பிறகு விந்தணு முழுதாக நீங்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும், அதுவரை வேறு தடுப்பு வேண்டும், இறுதியில் விந்துப் பரிசோதனை அவசியம் என்பதையெல்லாம் இருவருக்கும் சொல்ல வேண்டும். வகுப்பறையில் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டாமல் நடத்துவதிலிருந்து இதைத் தொடங்கலாம்.