சங்கரதாஸ் சுவாமிகளும் மேடைத் தமிழும்

மேலைநாட்டில் இசைநாடகங்களுக்குப் பாட்டும் உரையும் எழுதிக் கொடுப்போருக்கெனத் தனிப்பெயரும் தனிமதிப்பும் உண்டு. இங்கிலாந்தில் சல்லிவன் இசையமைக்கப் பாட்டெழுதிய கில்பர்ட், 1907-ஆம் ஆண்டில் 'சர்' பட்டம் பெற்றார். அதே காலத்தில் தமிழகத்தில் ஊர் ஊராய்ச் சென்று அத்தொழிலையே செய்த ஒருவரை நம் இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இரண்டொரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். முத்தமிழ் என மேடைதோறும் முழங்கும் நாம், மூன்றாம் தமிழுக்கு உழைத்தவரை இவ்வளவில் விடுவது முறையன்று. அவர்தாம் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் வல்லவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு பயின்ற இவர், சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். பேரேட்டுடன் பிழைக்கும் நம்மனோர்க்கு இச்செய்தி தனிச்சுவை தருவது! இருபத்துநான்காம் வயதில் அவ்வேலையை உதறி நாடகத்துள் புகுந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவையோரை நடுங்கவைத்தார் என்பர். ஆயினும் அவர் புகழ் நிலைத்தது நடிப்பால் அன்று, எழுத்தால்.

அக்காலத்து நடிகர் பலர் கதையை மட்டும் அறிந்துகொண்டு, உரையாடலை மேடையில் தம் மனம்போனபடி பேசினர். நயமாகப் பேசியோரும் உண்டு. எல்லை மீறினோரும் உண்டு. பார்சிக் கம்பெனிகளின் மெட்டுகளோ மக்கள் செவியைக் கவர்ந்திருந்தன. சுவாமிகள் அம்மெட்டுகளை வெறுத்தொதுக்கவில்லை. அவற்றிற்கு நல்ல தமிழ் சமைத்தார். வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை ஆகியவற்றை இடமறிந்து அமைத்து, இடையே உரையாடலையும் வரையறுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என அவர் நாடகங்கள் பல. புராணக் கதைகளே இவை என்று குறைகூறுவோர், எழுத்தறியாதாரும் இவற்றின்வழி யாப்பின் ஓசையைச் செவியாரக் கேட்டனர் என்பதை எண்ணுவதில்லை.

வயதுவந்த நடிகரிடையே ஒழுங்கு காணாத சுவாமிகள் சிறுவரை நாடினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா தோன்றிற்று, டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். சிறுவன் சண்முகத்திற்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் உரையுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார். இத்தகைய வேகத்தைக் கண்டு வியப்போர் உளர். நமக்கோ, அவ்விரவுக்குப் பின்னிருந்த முப்பதாண்டுப் பயிற்சியே பெரிதாகத் தோன்றுகிறது.

அப்படிப் பாடியும் பயிற்றியும் வந்த நாவே ஈற்றில் ஓய்ந்தது. பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

பெங்களூரில் வாழும் நாம், 1884-இல் தோன்றிய குப்பி நாடகக் கம்பெனியையும் அதனை வளர்த்த வீரண்ணாவையும் கன்னடர் எத்துணைப் பெருமிதத்துடன் நினைவுகூர்கின்றனர் என்பதை அறிவோம். சுவாமிகளுக்கு அத்தகைய நினைவு நகரங்களில் அருகியே காணப்படுகிறது. ஆனால் சிற்றூர்களில் கதை வேறு. விடுதலைப் போராட்டக் காலத்தில் விசுவநாததாஸ், முருகன் வேடத்தில் நின்று, வள்ளி திருமணத்தின் நடுவே நாட்டுப் பாடல்களைப் பாடினார், சிறையும் சென்றார், 1940-ஆம் ஆண்டின் இறுதி இரவில் அந்நாடக மேடையிலேயே உயிர்நீத்தார். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் இன்றும் 'ஸ்பெஷல் நாடகம்' விடியவிடிய நிகழ்கிறது. அங்கு நடிப்போர் ஒரே கம்பெனியார் அல்லர். வள்ளியாக ஒருவர் ஓர் ஊரிலிருந்தும், நாரதராக மற்றொருவர் வேறூரிலிருந்தும் வந்து, கூடி ஒத்திகை பார்க்காமலே மேடையேறித் தர்க்கம் புரிகின்றனர். இருவரும் கற்றது சுவாமிகளின் பாடத்தையே.