கபச் சுரப்பிக்கு ஆணையிடுவது யார்?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று, நூறு வயது நிறைந்து நாற்பது நாள்கள் கடந்த நிலையில், ரோஜர் கில்லெமின் என்னும் அறிவியலாளர் கலிபோர்னியாவில் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று ஆண்ட்ரூ ஷாலி தமது 97ஆம் வயதில் ஃபுளோரிடாவில் மறைந்தார். ஏறத்தாழ எட்டுத் திங்கள் இடைவெளியில் உலகை நீத்த இவ்விருவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஒரே ஆய்வுக்கூடத்தில் ஐந்தாண்டுகள் உடனுழைத்தவர்கள். பின்னர்ப் பல்லாண்டுகள் ஒருவரையொருவர் எதிரியாகவே கருதி வாழ்ந்தவர்கள். இவர்கள் எதற்காகப் போட்டியிட்டனர் என்பதை அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மூளையின் அடிப்புறத்தில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பள்ளிப் பாடநூல்கள் அதனைக் கபச் சுரப்பி என்று அழைக்கின்றன. பெயருக்குக் காரணம் உண்டு. மூளையின் கழிவாகிய கபம் இவ்வழியே வடிந்து மூக்கை அடைகிறது எனப் பண்டைய மருத்துவர் காலன் கற்பித்தார். 1543இல் உடற்கூற்று நூல் யாத்த வெசாலியசும் அதனை ஏற்றார். இலத்தீனில் கபத்தைக் குறிக்கும் ‘பிட்யூட்டா’ என்னும் சொல்லே சுரப்பிக்குப் பெயராயிற்று. 17ஆம் நூற்றாண்டில் அக்கருத்து பொய்யென மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதே நூற்றாண்டில் தெக்கார்த், மூளையிலுள்ள மற்றொரு சிறு சுரப்பியையே ஆன்மாவின் தலைமை இருக்கை என்றார். குருமடத்தில் மெய்யியல் பயின்றோர் யாவரும் இதனைக் கற்றிருப்போம். ஆன்மா உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் முழுமையாக உள்ளது என்ற புனித தோமா அக்குவினாரின் கூற்றோடு ஒப்பிட்டுத் தேர்வும் எழுதியிருப்போம். உடலை ஆளும் ஓரிடத்தைத் தேடும் ஆவல் மனிதனுக்கு இயல்பானதே போலும்.

20ஆம் நூற்றாண்டில் கபச் சுரப்பிக்குப் புதிய பெருமை வந்தது. தைராய்டு, அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவை அது அனுப்பும் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டே இயங்குகின்றன என்பது தெளிந்ததும், அறிஞர்கள் அதனைச் சுரப்பிகளின் தலைவன் எனப் புகழ்ந்தனர். ஆனால் அத்தலைவனுக்கு ஆணையிடுவது யார்? அச்சம் எழும்போதும் குளிர் தாக்கும்போதும் சுரப்பிகள் மாறுபடுவதைக் கண்டோர், மூளையே அதனை நடத்துகிறது என ஐயுற்றனர். சிக்கல் யாதெனில், கபச் சுரப்பியின் முன்பகுதிக்கு மூளையிலிருந்து நரம்புகள் செல்வதாகவே காணோம். நரம்பின்றி ஆணை எவ்வாறு போகும்?

இவ்விடத்தில்தான் ஆங்கிலேயர் ஜெஃப்ரி ஹாரிஸ் வருகிறார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியையும் கபச் சுரப்பியையும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் இணைக்கின்றன. 1930இல் போப்பா, ஃபீல்டிங் என்னும் இருவர் அவற்றை விவரித்திருந்தனர். ஆனால் இரத்தம் கீழிருந்து மேலே பாய்வதாக எண்ணினர். அது மேலிருந்து கீழே பாய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூளையின் செல்கள் ஏதோ ஒரு வேதிப்பொருளை இக்குழாய்களில் விடுகின்றன, அதுவே ஆணை என்றார் ஹாரிஸ். இணைப்புத் தண்டை அறுத்த பின்னும் சில விலங்குகளில் சுரப்பி மீண்டும் இயங்கியதைக் காட்டி மறுத்தோர் உண்டு. அறுபட்ட குழாய்கள் மீண்டும் வளர்ந்துவிடுகின்றன என்பதே ஹாரிசின் விடை. அறுத்த இடத்தில் மெழுகு தோய்ந்த தாளொன்றைச் செருகித் தடுத்தார், சுரப்பி ஓய்ந்தது. 1952இல் டோரா யாக்கப்சன் என்னும் அறிவியலாளருடன் சேர்ந்து, எலிகளின் கபச் சுரப்பியை அகற்றி வேறிடங்களில் ஒட்டிப் பார்த்தார். ஹைப்போதலாமசின் கீழே வைத்தபோது அது மீண்டும் உயிர்பெற்று இயங்கியது. மூளையின் வேறு பகுதியின் கீழே வைத்தபோது இயங்கவில்லை. எளிய சோதனை, ஆனால் நூறு வாதங்களுக்கு ஈடானது.

எனினும் அந்த வேதிப்பொருளைக் கையில் எடுத்துக் காட்டியவர் எவருமில்லை. அதுவரை, நம்பாதவர்கள் நம்பாமலிருக்க உரிமை இருந்தது.

கில்லெமின் 1924இல் பிரான்சின் திழோன் நகரில் பிறந்து மருத்துவம் பயின்று, கனடா சென்று, 1953இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை அடைந்தவர். ஷாலியோ போலந்து நாட்டுப் படைத்தலைவர் ஒருவரின் மகன். 1939இல் போர் மூண்டபோது பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் குடும்பத்துடன் ருமேனியாவுக்குத் தப்பியோடியவர். போர் முடிந்து பிரித்தானியா சேர்ந்து, பின் கனடாவில் ஆய்வு செய்தார். 1955இல் இருவரும் தனித்தனியே, ஹைப்போதலாமசின் சாறு கபச் சுரப்பியைத் தூண்டுவதைக் கண்டனர். 1957இல் ஷாலி ஹூஸ்டனுக்கு வந்து கில்லெமினுடன் இணைந்தார். அட்ரீனலைத் தூண்டச் செய்யும் அப்பொருளை ஐந்தாண்டுகள் தேடியும் பிரித்தெடுக்க முடியவில்லை. 1962இல் ஷாலி நியூ ஓர்லியன்சுக்குப் போய்த் தமக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். பகை வளர்ந்தது அதன் பின்னரே.

அவர்கள் ஏற்ற உழைப்பை வாசகர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு விலங்கின் மூளையில் அந்த ஹார்மோன் இருக்கும் அளவு எடைபோட இயலாத அளவு நுண்மையானது. ஆகவே கில்லெமின் இறைச்சிக் கூடங்களிலிருந்து செம்மறியாட்டு மூளைகளைத் திரட்டினார்; அவ்வாறு சேர்ந்த ஹைப்போதலாமஸ் துண்டுகள் 50 இலட்சம். அதற்காக ஆய்வுக்கூடம் கையாண்ட மூளைத் திசு ஏறத்தாழ 500 டன். ஷாலி பன்றிகளைத் தேர்ந்தார். இறைச்சி நிறுவனம் ஒன்று அவற்றின் மூளைப் பகுதிகளை அவருக்கு நன்கொடையாகவே வழங்கியது. இருவரும் முதலில் அடைய முனைந்தது தைராய்டைத் தூண்டும் ஆணையின் மூலப்பொருளை. மூன்று இலட்சம் ஆடுகளின் துண்டுகளிலிருந்து கில்லெமினுக்குக் கிடைத்தது ஒரு மில்லிகிராம்!

1966இல் ஷாலி முந்திவிட்டார் என்றே சொல்ல வேண்டும். தமது பொருளில் குளூட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் உள்ளன எனக் கண்டார். ஆனால் அவை மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்ததால், எஞ்சியது வேறேதோ பொருள் என முடிவு செய்தார். உண்மையில் எஞ்சியது வெறும் மாசு. மூன்றையும் கோத்துச் செயற்கையாகச் செய்த பொருள்களும் இயங்காமற்போகவே, கையிலிருந்த விடையை நழுவவிட்டார். பணம் தந்த அரசு நிறுவனத்திற்கும் பொறுமை குறைந்தது. 1969 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. அதில் உறுதியான ஏதும் வெளிப்படாவிடில் இத்துறைக்கு உதவி நிற்கும் என்பதே நிலை. கில்லெமின் குழுவினர் அங்கே, ஏறக்குறைய முற்றிலும் தூய்மையான பொருளில் அதே மூன்று அமினோ அமிலங்களே பெரும்பங்கு எனக் காட்டினர். முயற்சி பிழைத்தது.

அதன்பின் நடந்தது ஓட்டப்பந்தயம். அம்மூலக்கூற்றின் இரு முனைகளுமே மூடப்பட்டிருந்தமையால் வழக்கமான வேதிமுறைகள் அதனிடம் தோற்றன. ஒரு முனை தன்னுள் வளையமாய் மடிந்திருந்தது. மறுமுனையில் அமைடு ஒட்டியிருந்தது. 1969 நவம்பரில், சில நாள்கள் இடைவெளியில், இரு குழுக்களும் ஒரே அமைப்பை வெளியிட்டன. ஹாரிசின் கருத்து அன்று கைப்பொருளாயிற்று.

போட்டியே அறிவியலை உந்துகிறது எனக் கூறுவோர் இதனைச் சான்று காட்டுவர். நாம் முழுதும் உடன்படவில்லை. 1966இல் ஷாலியிடம் இருந்த குறிப்பும் ஹூஸ்டனில் இருந்த தூய்மையாக்கும் திறனும் ஒரே மேசையில் இருந்திருப்பின், விடை முன்னரே கிட்டியிருக்கக்கூடும். எனினும் ஒன்றை மறைக்கலாகாது. ஒருவரையொருவர் நம்பாத இருவர், ஒருவர் ஆட்டிலும் மற்றவர் பன்றியிலும் தேடி, ஒரே பொருளைக் கண்டனர். ‘இரண்டு அல்லது மூன்று சாட்சிகள்’ வேண்டும் எனத் திருச்சட்டம் கேட்பது நினைவுக்கு வருகிறது; கூடிப் பேசிக்கொள்ளாத சாட்சிகளின் வாக்குக்கு எடை மிகுதி.

இனப்பெருக்கச் சுரப்பிகளை ஆளும் ஹார்மோனில் ஷாலி வென்றார். பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அதன் அமைப்பு 1971இல் வெளியாயிற்று. வேதிப்பணியை முடித்தவர்கள் மாட்சுவோ, பாபா என்னும் ஜப்பானியர் இருவர். 1973இல் கில்லெமின் குழு, வளர்ச்சியைத் தூண்டும் பொருளைத் தேடப்போய், அதனைத் தடுக்கும் சொமாட்டோஸ்டாட்டினைக் கண்டெடுத்தது. தேடிய பொருளோ 1982இல்தான் அகப்பட்டது, அதுவும் மூளையிலன்று, கணையத்தில் தோன்றிய ஒரு கட்டியில்! ஷாலியின் ஹார்மோனும் வியப்பளித்தது. விட்டுவிட்டுச் சுரந்தால் தூண்டும். அதன் வலிமை மிகுந்த மாற்றுருக்களை இடைவிடாது செலுத்தினால் இனப்பெருக்கச் சுரப்பிகள் அடங்கிவிடும். இந்தப் பண்பே இன்று புராஸ்டேட் புற்றுநோயால் வருந்தும் முதியோர் பலருக்கு மருந்தாகியுள்ளது.

1977இல் பரிசின் ஒரு பாதி ரோசலின் யாலோவுக்குச் சென்றது. இரத்தத்தில் ஹார்மோனின் மிகச் சிறிய அளவையும் அளக்கும் முறையை அவருடன் சேர்ந்து உருவாக்கிய சாலமன் பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டார். மறுபாதியைக் கில்லெமினும் ஷாலியும் பகிர்ந்தனர். ஹாரிசோ, 1971 நவம்பரில், அந்த இரண்டாம் ஹார்மோனின் அமைப்பு அறிவிக்கப்பட்டுச் சில திங்களிலேயே கண்மூடினார். மறைந்தவர்க்கு நோபல் இல்லை. மாட்சுவோ நாடு திரும்பி, மியாசாகியில் காங்காவா என்பவருடன் சேர்ந்து, 1984இல் மனித இதயத்திலிருந்து மற்றொரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். இதயமும் ஒரு சுரப்பியே என்பது அதனால் மேலும் உறுதியாயிற்று.