ஒரு தபால்காரரும் ஒரே ஒரு மரமும்

ஜூஸ் கடை போர்டுல 'பட்டர் ஃப்ரூட்'னு எழுதியிருக்குமே, அந்தப் பழத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. தமிழ்ல வெண்ணெய்ப்பழம். இலங்கைத் தமிழர்கள் ஆனைக்கொய்யான்னு சொல்வாங்க. கொய்யாவுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? இங்கிலீஷ்ல இதுக்குப் பழைய பேரு அலிகேட்டர் பேர், அதாவது முதலைப் பேரிக்காய். சிங்களத்துல இது 'அலிகெட்ட பேர'. அங்க 'அலி'ன்னா யானை, 'பேர'ன்னா கொய்யா. முதலை இப்படித்தான் யானையாச்சுன்னு என்னோட ஊகம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். இதோட பூர்வீகம் மெக்சிகோவும் அதைச் சுத்தியிருக்கற நாடுகளும். மெக்சிகோவுல தெவாகான் பள்ளத்தாக்குல ஒரு குகை. அங்க கிடைச்ச அவகாடோ கொட்டைகளை வச்சுப் பார்த்தா, சுமார் 9000 வருஷத்துக்கு முன்னாடியே மனுஷன் இதைச் சாப்பிட்டிருக்கான். அஸ்டெக் மக்களோட நவாட்டில் மொழியில 'அவாகட்டில்'. ஸ்பானியர்கள் வாயில அது 'அகுவகாத்தே' ஆச்சு. 1915ல கலிபோர்னியா விவசாயிகள் ஒண்ணு கூடி, முதலைப் பேரெல்லாம் வேணாம், இனிமே 'அவகாடோ'ன்னு முடிவு பண்ணாங்க. பேர்ல முதலை இருந்தா எவன் காசு குடுத்து வாங்குவான்?

இந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு. நல்ல மாம்பழத்தோட கொட்டையைப் போட்டா அதே ருசியில காய்க்கும்னு சொல்ல முடியாதில்லையா, அதே கதைதான். ஒவ்வொரு கொட்டையும் ஒரு லாட்டரி. பிடிச்ச பழம் திரும்ப வேணும்னா அந்த மரத்துக் குச்சியை வெட்டி ஒட்டுக்கட்டணும். எங்க பாஷையில சொன்னா அக்மார்க் காப்பி பேஸ்ட்.

1920கள்ல கலிபோர்னியாவுல ருடால்ஃப் ஹாஸ்னு ஒரு தபால்காரர் இருந்தார். லா ஹாப்ரா ஹைட்ஸ்ல கொஞ்சம் நிலம் வாங்கிக் கொட்டைகளை நட்டார். கன்னு வந்ததும் அப்போ பிரபலமா இருந்த 'ஃபுவர்த்தே' ரகத்தை அதுல ஒட்டுக்கட்டணும்னு திட்டம். ஒரே ஒரு கன்னுல மட்டும் ஒட்டு பிடிக்கவே இல்லை. சரி போன்னு விட்டுட்டார். அது காய்ச்சப்போ, இதுதான் ருசின்னு சொன்னது அவர் வீட்டுப் பிள்ளைங்கதான். ஃபுவர்த்தே பச்சைத்தோல். இதுக்குத் தோல் தடிமன், பழுத்தா கருப்பு. அதனால அடிபடாம தூரம் போகும்.

1935ல ஹாஸ் காப்புரிமை வாங்கினார். என்ன பிரயோஜனம்? ஒருத்தர் ஒரு கன்னு வாங்கி, குச்சி வெட்டி, தோட்டம் முழுக்க ஒட்டுக்கட்டிட்டா மேட்டர் முடிஞ்சுது. (நம்ம ஊரு திருட்டு விசிடி மாதிரி!) மொத்த வருமானம் 5000 டாலர்கூடத் தேறலைன்னு சொல்றாங்க. தபால்காரராவே வேலை பார்த்தார், 1952ல இறந்தார். இன்னிக்கு உலகச் சந்தையில விக்கிற அவகாடோவுல பெரும்பங்கு 'ஹாஸ்'தான். அத்தனையும் அந்த ஒரே மரத்தோட நகல்.

என்னை யோசிக்க வச்சது இதுக்கப்புறம் நடந்ததுதான். தாய்மரத்தை வேரழுகல் நோய் பிடிச்சு, 2002ல வெட்டினாங்க. எல்லாம் ஒரே நகல்னா, ஒண்ணைச் சாய்க்கற கிருமி எல்லாத்தையும் சாய்க்கலாம். நம்ம பழனி மலையிலயும் சிறுமலையிலயும் மலைவாழைக்கு என்ன ஆச்சு? வாழையும் கிழங்குல இருந்து வர்ற நகல்தானே. 1970கள்ல முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சுது. ஹாஸுக்கு அந்த நிலைமை வராததுக்கு ஒரு காரணம், வேரழுகலைத் தாங்குற அடிச்செடிகளை வேற வேற மரங்கள்ல தேடி எடுத்ததுதான். அப்படித் தேடறதுக்கு வேற மரங்கள் உயிரோட இருக்கணும்ல?

உடம்புக்கு நல்லதாங்க? நல்லதுதான். 100 கிராம்ல சுமார் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு. அதுல பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில இருக்கற அதே வகை. நார்ச்சத்து கிட்டத்தட்ட 7 கிராம். பொட்டாசியம் வாழைப்பழத்தைவிட அதிகம், அதனால சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுக்குங்க. கேரட், தக்காளியோட சாப்பிட்டா அதுல இருக்கற சத்தை உடம்பு நல்லா இழுத்துக்கும். ஆனா இதைத் தின்னா எடை தானா குறையும்ங்கறதெல்லாம் சும்மா. கொழுப்பு நல்லதா இருந்தாலும் கலோரி கலோரிதான்.

சாப்பிடறது எப்படி? மரத்துல இருக்கறவரைக்கும் இது பழுக்காது, பறிச்சப்புறம்தான் பழுக்கும். கல்லு மாதிரி இருந்தா வாழைப்பழத்தோட சேர்த்து பேப்பர்ல சுத்தி வைங்க. நம்மாளு பால், சக்கரை போட்டு அடிச்சுக் குடிப்பான். மெக்சிகோக்காரன் கேட்டா மயக்கம் போடுவான், அவனுக்கு இது உப்பு, காரம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சம்பழம்.. எல்லாம் நம்ம வீட்டு அடுப்படியில இருக்கறதுதான். மசிச்சுக் கலந்தா அதுதான் குவாக்கமோலே. சூடான சப்பாத்தியில தடவிச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க.

கீழ்ப்பழனி மலையில காபித் தோட்டங்களுக்கு நடுவுல கொட்டை போட்டு வளந்த மரங்கள் நிறைய உண்டு. ஒரு மரத்துப் பழம் உருண்டை, இன்னொண்ணு நீளக்கழுத்து. ஒண்ணு வெண்ணெய், ஒண்ணு தண்ணி. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் அப்படி ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் டிகேடி-1 ரகத்தைக் கொண்டுவந்தது. இப்போ நம்ம பக்கமும் ஹாஸ் கன்னு வாங்கி நடறாங்க. நடட்டும், நல்ல விலை கிடைக்குது. ஆனா அதுக்காகப் பழைய மரத்தை வெட்டிடாதீங்க சாமிகளா. ஹாஸ் மரமும் ஒரு காலத்துல ஒட்டு பிடிக்காத உதவாக்கரைக் கன்னுதான். அடுத்த ஹாஸ் தாண்டிக்குடியில ஏதோ ஒரு காபித் தோட்டத்து ஓரத்துல, பேர் இல்லாம நின்னுக்கிட்டு இருக்கலாம். யார் கண்டா?