ரணசிங்க வீட்டு மருமகள்

1983 யூலை 23 இரவு, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான திருநெல்வேலியில், பலாலி வீதியின் தபால்பெட்டிச் சந்தியருகே நடந்த தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் எங்கள் ஊரிலும் அயலிலும் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். அன்று மாலை கொழும்பில் அந்த இராணுவத்தினரின் இறுதிச் சடங்குக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து தீ கிளம்பியது. அந்தக் கிழமை தெற்கில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகதிகளாயின.

அந்தச் சந்திக்கு நடை தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த யூலையைப் பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன். அவற்றுள் என்னை அதிகம் உலுக்கிய ஆங்கிலக் கவிதையை எழுதியவர் தமிழரும் அல்லர், சிங்களவராய்ப் பிறந்தவரும் அல்லர். அவர் ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்த யூதப் பெண்ணான ஆன் ரணசிங்க.

1925இல் பிறந்தபோது அவர் பெயர் அன்னலீசு காட்ஸ். வீட்டுக்கு ஒரே பிள்ளை. 1938 நவம்பரில் எசன் யூதத் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அடுத்த ஆண்டு பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குத் தனியே அனுப்பிவைத்தனர். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டனர். போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டனர். மகள் இங்கிலாந்தில் தாதியானார். மேற்படிப்புக்கு அங்கே வந்திருந்த இலங்கை மருத்துவர் ரணசிங்கவை மணந்து, 1950களின் தொடக்கத்தில் கொழும்பு வந்தார்.

இட்லரிடமிருந்து தப்பி இலங்கையில் ஒதுங்கிய யூதர் அவருக்கு முன்பும் இருந்தனர். ஹனாவ் நகரில் பிறந்த ஞானபோனிக தேரர் 1936இல் வந்து பிக்குவானவர். 1939இல் தாயாரையும் இங்கே அழைத்து உயிர் காத்தார். அதே ஆண்டு போர் மூண்டதும் பிரித்தானியர் அவரை, ஜெர்மானியர் என்று சொல்லி, தியத்தலாவை முகாமில் அடைத்தனர். பிறகு இந்தியாவின் தேராதூனுக்கு மாற்றினர். 1946 வரை தாய் வெளியில், மகன் கம்பி வேலிக்குள். புடாபெஸ்டு உளப்பகுப்பாய்வாளர் எடித் ஜோம்ரோய் 1930களின் இறுதியில் வந்தார். பேராசிரியர் லுடோவைக்கை மணந்து 1956 வரை இங்கே வாழ்ந்தார்.

ஆன் வந்தது மருமகளாக. கணவரின் முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் மூவர். இருவருக்கும் பிறந்த பிள்ளைகள் நால்வர். ஆக ஏழு பேருக்கு உடுப்பு, பள்ளிக்கூடம், காய்ச்சல், சாப்பாடு. சுற்றிலும் சிங்களம் பேசும் கணவர் வீட்டுச் சொந்தம். மரபுப்படி யூதர் கூடித் தொழப் பத்து ஆண்கள் வேண்டும். அன்றைய கொழும்பில் அதற்கென ஒரு தொழுகைக்கூடம் இருக்கவில்லை. யூத நெறிப்படி தாய் யூதர் என்றால் பிள்ளைகளும் யூதரே. அந்த நால்வருக்கும் அந்த வழியில் அருகில் இருந்த உறவு தாய் ஒருத்திதான். தாய்வழிப் பேரன் பேத்தி என்று கொஞ்ச எவரும் உயிரோடு இல்லை.

முதல் கவிதைத் தொகுதி 1971இல் வெளிவந்தது. எசனை விட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. தன் வளவில் தானே நட்ட அரலியா மரம் கிளைவிட்டு ஒழுங்கைக்கு நிழல் தருகிறது. அந்த நிழலில் ஒருவன் நாளும் உட்கார்ந்து நார் பிரித்துக் கயிறு திரிக்கிறான். பார்ப்பவளுக்கு உள்ளே அச்சம் எழுகிறது. அவருடைய கவிதை ஒன்றில் வரும் காட்சி இது. மரம் நட்டு, அது ஒழுங்கைவரை படரும் காலம் ஒரே வீட்டில் வாழ்ந்த பிறகும் எசனின் அச்சம் அவரை விட்டுப் போகவில்லை. கொழும்பின் சாதாரணக் காலைப்பொழுதிலேயே அது வந்து நிற்கிறது.

என் தங்கை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். அம்மா இருக்கும்வரை செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்துத் தூள் அனுப்பிக்கொண்டிருந்தா. "பழைய கதையளைப் பிள்ளையளுக்குச் சொல்லாதை பிள்ளை, அதுகள் அங்கையாவது நிம்மதியாய் வளரட்டும்" என்று தொலைபேசியில் சொல்லுவா. புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் இதே பேச்சுத்தான். அதன் பின்னால் இருக்கும் பாசம் எனக்கு விளங்கும். ஆனாலும் ஆன் ரணசிங்கவின் வாழ்க்கை எனக்கு வேறொன்றைக் காட்டுகிறது.

அவர் மறந்திருந்தால் 1983இல் நடந்ததை அடையாளம் கண்டிருக்க மாட்டார். 1970களின் நடுவிலிருந்தே சர்வதேச மன்னிப்புச் சபைக்காகப் பாடுபட்டவர் அவர். யூலைக் கவிதையில், நாசிகளின் ஆட்சியில் கொன்றவர்களையும் கொலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் பற்றித் தொடங்குகிறார். நாற்பது ஆண்டுக்குப் பின் மறுபடி எரிவதைச் சொல்கிறார். கணவரின் இனமும் பிள்ளைகளின் தந்தைவழி இனமும் சிங்களம். தன்னை ஏற்றுக்கொண்ட அந்தச் சமூகத்திடமே, கொன்றவர்களையும் பார்த்து நின்றவர்களையும் பற்றிய கேள்வியை அவர் எழுப்பினார். குடிவந்தவள் வாய் திறக்கலாமா என்று அவர் தயங்கவில்லை.

அந்தக் கேள்வியை எங்கள் பக்கமும் திருப்ப வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை, இரண்டே மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு வெறிச்சோடியது. தலைமுறை தலைமுறையாக எங்களோடு தமிழ் பேசி வாழ்ந்தவர்கள் அவர்கள். தமிழரான நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். துப்பாக்கிக்கு அஞ்சியது உண்மை. 1983இல் கொழும்பில் பார்த்துக்கொண்டு நின்ற பலரும் அதே காரணத்தைச் சொல்லக்கூடும்.

ஆன் 2016 டிசம்பரில் கொழும்பில் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எங்கள் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. அங்கே படிக்க வரும் பிள்ளைகள் அவருடைய யூலைக் கவிதையை, எங்கள் ஊரில் தொடங்கிய அந்த இரவோடும் சோனகத் தெருவின் அந்த இரண்டு மணித்தியாலத்தோடும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஸ்காபரோவில் வளரும் என் பெறாமக்களுக்கும் இந்த மூன்றையும் நான் சொல்லத்தான் போகிறேன். பட்டதை மட்டும் கேட்டு வளர்ந்தால் அவர்களுக்குக் கோபம்தான் மிஞ்சும். பார்த்து நின்றதையும் கேட்டு வளர்ந்தால், நாளைக்கு அயல்வீட்டுக் கதவை எவராவது உடைக்கும்போது அவர்கள் வெளியே வருவார்கள்.