கூடைப்பந்தாட்டமும் கணக்கேடும்

ஓட்டப் பந்தயத்தில் வென்றவன் யார் என்பதை அறியக் கடிகாரம் ஒன்று போதும். ஐவர் கூடி ஒரே பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டத்திலோ வெற்றிக்கு எவன் எவ்வளவு உதவினான் என்று கூறுதல் அத்துணை எளிதன்று. கூடைப்பந்தாட்டம் தோன்றிய நாள் முதல் இவ்வினா அதனைத் தொடர்ந்து வந்துள்ளது. அதற்கு விடைகாண முயன்றோரின் வரலாறு, எண்களை நம்புதற்கும் ஐயுறுதற்கும் ஒருங்கே கற்பிக்கும் வரலாறாகும்.

1891ஆம் ஆண்டு மார்கழித் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துள்ள ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் மண்டபத்தினுள் ஆடுதற்குரிய புதியதோர் ஆட்டத்தை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை மண்டபத்து மேல்மாடத்தின் கைப்பிடியில் மாட்டிப் பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடிய முதலாட்டத்தில் விழுந்த பந்து ஒன்றே. அன்று கணக்கெழுத ஒரு வரி போதுமானதாயிருந்தது.

ஆட்டம் பரவியதும் கணக்கேடும் விரிந்தது. யார் எத்தனை புள்ளி ஈட்டினார் என்பதே நெடுங்காலம் ஏட்டின் முதன்மைச் செய்தி. கூடையிற் படாது மீளும் பந்தைக் கைப்பற்றியோரின் எண்ணிக்கையை அமெரிக்கத் தேசியச் சங்கம் 1950-51ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்தே பதிவு செய்தது. பந்து பறித்தலும் எறியைத் தடுத்தலும் 1973-74இல் ஏட்டில் ஏறின. வீரன் பந்தை வீணே இழந்த தடவைகள் 1977-78 வரை எண்ணப்படவேயில்லை. எனவே முற்காலத்து வீரர் பலரின் நிறைகுறைகள் சில ஏட்டில் இல்லை.

இனி, புள்ளியை மட்டும் எண்ணுவதால் நேரும் மயக்கத்தைக் காண்போம். உழவர் இருவர் நெல் விளைவிக்கின்றனர். ஒருவர் பத்து ஏக்கரில் ஐந்நூறு புசல் பெறுகிறார். மற்றவர் ஐந்து ஏக்கரில் நானூறு புசல் பெறுகிறார். களஞ்சியத்தைப் பார்ப்போர் முன்னவரைப் புகழ்வர். வயலைப் பார்ப்போர் பின்னவரே வல்லவர் என்பர். கூடைப்பந்தாட்டத்தில் வயல் யாது? பந்து ஒரு குழுவின் கைக்கு வந்தது முதல் அது எதிர்க்குழுவின் கைக்குப் போகும் வரையுள்ள வாய்ப்பே அவ்வயல். ஒரு குழுவின் வாய்ப்பு முடிந்ததும் மற்றதன் வாய்ப்புத் தொடங்குதலின், ஓராட்டத்தில் இரு குழுக்களும் பெறும் வாய்ப்புக்கள் ஏறத்தாழச் சமமாகவே அமையும். ஆதலின் ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று கேட்பதே தாக்காட்டத்தை அளக்கும் நேரிய வழி.

வாய்ப்பின் அருமை ஒரு விந்தையான ஆட்டத்தால் உலகுக்குத் தெரியவந்தது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் போர்ட் வெயின் குழு, ஜோர்ஜ் மைக்கன் என்னும் பேருருவினர் ஆடிய மினியாப்பொலிஸ் குழுவை 19-18 என்ற கணக்கில் வென்றது. அவர் கைக்குப் பந்து செல்லாதபடி அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டு காலங்கடத்தியதே போர்ட் வெயின் குழுவினர் கையாண்ட உபாயம். வேலிக்குள் விளைவே இல்லாத இவ்வாட்டத்தைக் காணப் பணங்கொடுத்து வருவார் யார்? சிரக்கியூஸ் குழுவின் உரிமையாளராகிய டானி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். சுவையான ஆட்டங்களில் இரு குழுக்களும் சேர்ந்து 120 தடவை கூடைக்கு எறிந்தன. ஆட்ட நேரமோ 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. வகுத்தால் வருவது 24. பந்தைப் பெற்ற குழு 24 விநாடிக்குள் எறிதல் வேண்டும் என்னும் விதி 1954இல் நடைமுறைக்கு வந்தது.

அதே பத்தாண்டில், விமானப்படைக் கல்லூரியில் உதவிப் பயிற்றுநராயிருந்த டீன் சிமித், புள்ளிகளை வாய்ப்புக்களால் வகுத்துத் தம் குழுவை மதிப்பிடத் தொடங்கினார். பிராங்க் மக்குவயர் 1959இல் வெளியிட்ட பயிற்சி நூலொன்றில் இம்முறை விளக்கம் பெற்றது. சிமித் பின்னர் வட கரோலினாப் பல்கலைக்கழகக் குழுவை முப்பத்தாறு பருவங்கள் பயிற்றி 879 வெற்றிகளைக் கண்டார். எனினும் பொதுமக்களின் கண்கள் மொத்தப் புள்ளியை விட்டு நீங்கவில்லை. நீங்காமைக்குக் காரணம் ஒரு மனிதர். அவர் வில்ற் சேம்பர்லெயின்.

1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் பென்சில்வேனியாவிலுள்ள ஹேர்சி என்னும் ஊரில், நியூ யோர்க் குழுவுக்கெதிராகச் சேம்பர்லெயின் தனியொருவராக 100 புள்ளி பெற்றார். அப்பருவத்தில் ஆட்டமொன்றுக்கு அவர் ஈட்டிய சராசரி 50.4. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏறத்தாழ நாற்பது தடவை கூடைக்கு எறிந்தார். அவருடைய குழுவாகிய பிலடெல்பியா வாரியர்ஸ் சராசரி 125.4 புள்ளி எடுத்தது. ஆயினும் பொஸ்ரன் குழுவுடன் ஆடிய ஏழாட்டத் தொடரின் இறுதி ஆட்டத்தில் 109-107 என்று தோற்று வெளியேறியது.

ஐந்தாண்டு கழிந்து 1966-67இல், அதே நகரின் செவன்டி சிக்சர்ஸ் குழுவில் அலெக்ஸ் ஹனம் என்பவரின் பயிற்சியில் சேம்பர்லெயின் ஆடினார். இப்போது அவர் எறிந்தது ஆட்டத்துக்கு ஏறத்தாழப் பதினான்கு தடவையே. புள்ளிச் சராசரி 24.1 ஆகக் குறைந்தது. குழுவின் சராசரியோ 125.2. ஒருவரின் புள்ளி பாதிக்கும் கீழாகக் குறைந்தும் குழுவின் விளைவு குறையவில்லை. அதுவும் முன்னையதை விடக் குறைந்த எறிகளிலேயே இவ்விளைவு கிட்டியது. முன்னைக் குழு நூற்றுக்கு 44 எறிகளைக் கூடையிற் சேர்த்தது. பின்னைக் குழு 48 எறிகளைச் சேர்த்தது. உடனாடிய தோழர் வேறு என்பது உண்மையே. ஹால் கிரியர், செற் வோக்கர், பில்லி கனிங்ஹம் ஆகியோர் திறமை மிக்கவர்கள். ஆனால் அத்திறமைக்கு இடங்கொடுத்தது, தம் பங்கைக் குறைத்துப் பந்தைப் பிறருக்கு ஈந்த சேம்பர்லெயினின் மனமாற்றம். அக்குழு 68 ஆட்டங்களில் வென்று 13இல் மட்டுமே தோற்றது. எட்டாண்டுகள் தொடர்ந்து வாகை சூடிய பொஸ்ரனை வீழ்த்திப் பட்டமும் பெற்றது.

இதற்கு எதிரான சான்றை டென்வர் நகரத்துக் குழு 1990-91இல் அளித்தது. விரைவாட்டமே தன் கொள்கையெனக் கொண்ட அக்குழு ஆட்டத்துக்கு 119.9 புள்ளி எடுத்துச் சங்கம் முழுவதிலும் முதலிடம் பெற்றது. எனினும் 82 ஆட்டங்களில் வென்றவை இருபதே. விரைவாட்டத்தினால் வாய்ப்புக்கள் பெருகின. எதிரியின் வாய்ப்புக்களும் உடன் பெருகின. வாய்ப்பளவில் நோக்கின் அதன் தாக்காட்டம் சராசரிக்கும் தாழ்ந்தது. பத்து ஏக்கர் உழவர் கதை இதுவே.

தனி வீரனின் திறனை ஒரே எண்ணில் அடக்கும் முயற்சிகளும் எழுந்தன. 1980களில் மார்ட்டின் மான்லி, வீரனின் நற்செயல்கள் யாவற்றையும் கூட்டித் தவறிய எறிகளையும் பந்திழப்பையும் கழித்தார். பின்னர் ஜோன் ஹொலிஞ்சர், ஆடிய நிமிடங்களையும் ஆட்ட வேகத்தையும் கருத்திற் கொண்டு, சராசரி வீரனுக்கு 15 என அமையுமாறு ஒரு திறன் எண்ணை வகுத்தார். இவை பயனுள்ளவை, ஆயின் குறையற்றவையல்ல. ஹொலிஞ்சரின் கணக்கில், இரு புள்ளி எறிகளில் நூற்றுக்கு முப்பதிற்குச் சற்று மேல் வெல்பவனும் எறிய எறியத் தன் எண்ணை உயர்த்திக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் குறை கூறினர். வீரனின் எண் உயர, குழுவின் விளைவு தாழும் என்பதே இதன் பொருள். பந்து ஒன்றே, ஒருவன் எறிந்தது இன்னொருவன் எறியாது விட்டதாகும். ஆகவே ஐவரின் எண்களைக் கூட்டினால் குழுவின் ஆற்றல் வந்துவிடாது.

2004இல் டீன் ஒலிவர் தம் நூலில் குழுவை முன்வைத்துச் சிந்தித்தார். எறியின் திறன், பந்தை இழவாமை, தவறிய எறியின் பந்தை மீளப் பற்றல், தண்ட எறிகளைப் பெறுதல் என நான்கு கூறுகளை அவர் வகுத்து, அவற்றுக்கு முறையே நூற்றுக்கு 40, 25, 20, 15 என மதிப்பளித்தார். ஒரு குழு எங்கே நலிகிறது என்பதைப் பயிற்றுநர் இதனால் கண்டுகொள்ளலாம். பின்னாளில், ஒரு வீரன் களத்தில் நிற்கும்போது குழுவின் நிலை யாது, நீங்கியபோது யாது என ஒப்பிடும் வழக்கமும் வலுப்பெற்றது. ஹூஸ்டன் குழுவில் ஆடிய ஷேன் பற்றியர் இம்முறையாலேயே பெருமை பெற்றார். ஏட்டில் அவர் எண்கள் சிறியவை. அவர் நின்ற வேளையில் குழு சிறந்தது.

பழக்கூடையில் தொடங்கிய ஆட்டத்தின் கணக்கேடு இன்று பெருநூலாகியுள்ளது. எண்ணப்படாத உழைப்பு இல்லாத உழைப்பாகக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஏடு விரியுந்தோறும் அவ்வநீதி குறைந்து வந்துள்ளது. தோழனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவனின் பங்கை முழுதும் அளக்கும் கோல் இன்னும் செய்யப்படவில்லை. எனினும் அத்தகையோன் நின்ற குழுவின் வெற்றியில் அவன் பங்கும் எழுதப்பட்டேயிருக்கிறது. அளப்போர் முதலிற் படிக்கவேண்டிய வரி அதுவே.