பஞ்ச காலச் செய்திப்பணி: கொங்கு நாட்டு வரலாறு

மழை பொய்த்து வறட்சி முற்றும்போது, பாதிக்கப்பட்ட ஊர்களின் நிலையை வெளியுலகுக்கு எடுத்துச் சொல்லி, தானியமும் பணமும் அரசின் கவனமும் வந்துசேரச் செய்யும் வேலைக்குப் பஞ்ச காலச் செய்திப்பணி என்று பெயர். இன்று பன்னாட்டு உதவி அமைப்புகள் இதற்கெனத் தனிப் பிரிவும் சம்பளத்துக்கு ஆட்களும் வைத்திருக்கின்றன. திருப்பூர், பல்லடம், அவினாசி, காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்கள் அடங்கிய பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இதன் வரலாறு 1876-78இல் வந்த தாது வருடப் பஞ்சத்தோடு தொடங்குகிறது.

இந்தப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. சோளமும் கம்பும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடு. மழை தவறினால் கிணற்றுத் தண்ணீர்தான் கதி. 1876இல் இரண்டு பருவமழைகளும் கைவிட்டன. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 17.6 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1881இல் 16.6 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இழப்பின் முழு அளவு தெரியும்.

இதற்குப் பத்தாண்டு முன்னர், 1866இல், ஒரிசாவில் பெரும் பஞ்சம் வந்தபோது அதன் கடுமை கல்கத்தாவுக்கே காலம் கடந்துதான் எட்டியது. 1870இல் கடலடிக் கம்பி வழியாக லண்டனும் இந்தியாவும் நேரடித் தந்தியால் இணைந்தன. திருப்பூர் வழியாகப் போத்தனூர் வரை ரயில் பாதை 1862இலேயே வந்திருந்தது. ஆகவே தாது வருடப் பஞ்சத்தில் செய்தி விரைவாகப் போகவும், பர்மா அரிசி உள்நாட்டுக்கு வரவும் வழி இருந்தது. வழி இருந்தும் லட்சக்கணக்கில் ஆட்கள் செத்ததற்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல இடமில்லை.

அரசியல்தான் குறுக்கே நின்றது. வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு, தானிய வணிகத்தில் தலையிடுவதில்லை, செலவை இறுக்குவது என்ற இரண்டிலும் உறுதியாக இருந்தது. 1877 தொடக்கத்தில் அவர் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைப்பவருக்கான கூலித் தானியத்தை நாளுக்கு ஒரு ராத்தலாகக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ் அதை எதிர்த்தார். கடும் உடலுழைப்புக்கு ஒரு ராத்தல் போதாது என்று மருத்துவக் கணக்கோடு எழுதினார். டெம்பிள் மறுப்பு எழுத, அந்த விவாதம் பத்திரிகைகளுக்கும் பரவியது. கடைசியில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. உயிர் காத்த எழுத்து என்று இந்த வரலாற்றில் துணிந்து சொல்லத்தக்கது கார்னிஷின் அறிக்கைகள்தான். அவற்றில் உருக்கம் குறைவு. உணவின் எடையும் உடலின் தேவையும்தான் பேசின.

திட்டமிட்ட செய்திப்பணியைத் தொடங்கியவர் வில்லியம் டிக்பி. 1849இல் பிறந்த இவர், இலங்கையில் 'சிலோன் அப்சர்வர்' இதழில் வேலை பார்த்துவிட்டு, 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராகச் சென்னைக்கு வந்தவர். 1877 ஆகஸ்டு தொடக்கத்தில் ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் தலைமையில் சென்னையில் பொதுக்கூட்டம் நடந்தது. நிதி கேட்டு லண்டன் மாநகரத் தலைவருக்கும் பிற நகரத் தலைவர்களுக்கும் தந்தி பறந்தது. லண்டனில் அம்மாநகரத் தலைவரின் மாளிகைப் பெயரால் திறக்கப்பட்ட நிதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கித் திரட்டல் நிறுத்தப்படுவதற்குள், ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் அனுப்பின. சென்னையில் அதைப் பங்கிட்ட குழுவின் செயலாளர் டிக்பி. பத்திரிகையாசிரியரே உதவி அமைப்பின் செயலாளரானதால் செய்தியும் பணமும் ஒரே கை வழியாகப் போயின.

மாவட்டந்தோறும் ஆட்சியர், பாதிரியார், வணிகர் சேர்ந்த கிளைக் குழுக்கள் அமைந்தன. அவை அனுப்பிய கடிதங்கள் சென்னையில் தொகுக்கப்பட்டு லண்டனுக்குப் போயின. அரசின் நிவாரணத்துக்கு எட்டாதவர்களுக்கென்றே இந்த நிதி ஒதுக்கப்பட்டது: கையேந்த வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்தவர்கள், அநாதைக் குழந்தைகள், விதைக்கும் மாட்டுக்கும் வழியில்லாத சிறு விவசாயிகள். காங்கேயம் காளைக்குப் பேர்போன ஊர்களில் மாடு செத்தது என்றால் அடுத்த ஆண்டு உழவும் செத்தது என்று பொருள். இந்த வகைப்பாட்டைச் செய்தவர்களுக்கு ஊர் நிலைமை புரிந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச வரலாறு இன்றும் ஆய்வாளர்களின் முதல் கையேடு. அதில் அரசின் மீது விமரிசனமும் உண்டு, நிதி கொடுத்த சீமைக்காரர்களுக்கு நன்றியும் உண்டு. உதவி பெற்றவரின் குரல்தான் அரிது.

தாராளமாகக் கொடுத்தவற்றில் மான்செஸ்டரும் லங்காஷயரின் மற்ற ஆலை நகரங்களும் உண்டு. இங்கே பாதிக்கப்பட்டவர்களில் கைத்தறி நெசவாளர்கள் பெரும் தொகையினர். கல்லுடைக்கப் போனால் கை மரத்து மறுபடி தறியில் உட்கார முடியாது என்பதால் அவர்களுக்கு நூல் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் தனி நிவாரணமும் நடந்தது. அந்த நெசவாளரின் சந்தையை அதற்கு முன்பே பிடித்துக்கொண்டது லங்காஷயர் ஆலைத் துணிதான் என்பது நிதி வேண்டுகோளில் எழுதக்கூடிய செய்தியல்ல. தர்மம் கேட்கும் மடலில் காரணத்தைத் தொடாமல் விடும் பழக்கம் அன்றிலிருந்தே உண்டு.

சீமைக்காரர் மனத்தை அசைத்தவற்றில் நிழற்படத்துக்குப் பெரிய பங்கு. சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அச்சில் நேரடியாகப் படம் போடும் வசதி அப்போது இல்லை. இத்தகைய படங்களைப் பார்த்துச் செதுக்கிய சித்திரங்களை லண்டன் சித்திர வார இதழ்கள் வெளியிட்டன. எடுத்தபின் அந்த மனிதர்களை உதவியின்றி அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு ஹூப்பர் மீது உண்டு. பிறகு பர்மாவில் மரணதண்டனை நிறைவேறும் நொடியைப் படம்பிடிக்க முயன்று கண்டனத்துக்கு ஆளானவரும் இவரே. படத்தில் இருப்போர் ஒருவருக்கும் பெயர் இல்லை, ஊரும் பெரும்பாலும் இல்லை.

பெயரும் ஊரும் விலைவாசியும் வேறிடத்தில் பதிவாயின. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிக் கொங்கு நாட்டில் கும்மிகள் எழுந்தன. பிற்காலத்தில் புலவர் செ. இராசு அத்தகைய பஞ்சக் கும்மிகளைத் தேடித் தொகுத்தார். தாலியை விற்றது, காட்டுக் கிழங்கு தோண்டியது, களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்ட செல்வர் போன்றவை கும்மிப் பாட்டுக்கு உரிய பொருள்கள். இவை யாரிடமும் நிதி கேட்கவில்லை. அதனால் யாரையும் மனங்கோணாமல் பார்த்துக்கொள்ளும் தேவையும் இருக்கவில்லை. சென்னையின் மலிவுவிலைக் குஜிலிப் புத்தகங்களும் நல்லதங்காள் கதையும் இதே ஓடையில் வருபவை. இவற்றை நாட்டுப்புற இலக்கியம் என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது, இவையும் செய்திப்பணியே.

பஞ்சம் ஓய்ந்ததும் இதழியலிலும் ஆட்சியிலும் மாற்றம் வந்தது. 1878 செப்டம்பர் 20இல் 'தி இந்து' வார இதழாகத் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் முதன்மையான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திரன்' கண்டார். 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. மழையளவு, தானிய விலை, ஊர்விட்டு அலைவோர் எண்ணிக்கை, சாவு ஆகியவற்றைக் கிராம அலுவலர் தாசில்தாருக்கும், தாசில்தார் ஆட்சியருக்கும் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு எழுத்தில் வந்தது. எச்சரிக்கைச் செய்தியை அரசே கடமையாக ஏற்றது இதில்தான்.

விதித்தொகுப்பு இருந்தும் அறிவிக்காமல் விடலாம் என்பதை 1943 வங்கம் காட்டியது. அங்கே பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸ் ஆகஸ்டு 22 அன்று கல்கத்தாத் தெருப் பிணங்களின் படங்களை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. பத்திரிகைச் சுதந்திரம் உள்ள மக்களாட்சியில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று அமர்த்தியா சென் பின்னாளில் வாதிட்டார். அந்த வாதத்துக்கு ஒரு வரம்பு உண்டு: சாவைச் செய்தியாக்கும் பத்திரிகை, மெல்ல வற்றும் கிணற்றைச் செய்தியாக்குவதில்லை. பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட வறட்சி நூல் இந்த இடத்தைத்தான் தொட்டது. புதுக்கோட்டை, இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் அலைந்து, வறட்சி நிவாரணமே சிலருக்கு நல்ல வருமானமாவதை அவர் எழுதினார். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் வந்து சேர்ந்ததற்கும் அத்தகைய வானம் பார்த்த பூமியின் வறட்சி ஒரு காரணம். ஆனால் அது தொழில் வளர்ச்சிச் செய்தியாகவே வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது.

1984 அக்டோபரில் எத்தியோப்பியாவிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய பஞ்சக் காட்சிகள் உலகெங்கும் நிதியைக் கொட்டவைத்தன. ஒட்டிய வயிற்றுக் குழந்தையின் படம் உதவி அமைப்புகளின் வழக்கமான விளம்பரமானது. அதற்கு எதிர்ப்பும் வலுத்தது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்ற நடத்தை நெறியின் பத்தாவது விதி, பாதிக்கப்பட்டோரை விளம்பரத்தில் கதியற்ற பொருட்களாகக் காட்டாமல் மதிப்புள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. ஹூப்பர் காலத்திலிருந்து கணக்கிட்டால் இந்த விதி எழுத நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மாநில அரசு 39,565 கோடி ரூபாய் கேட்டது. மத்திய அரசு ஒப்புக்கொண்டது 1,748 கோடி. மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் கோவணத்தோடும் மண்டையோடுகளோடும் உட்கார்ந்தனர். எலியை வாயில் கவ்விக் காட்டினர். நாடகம் என்று சிலர் ஏளனம் செய்தனர். நாடகம்தான், ஆனால் அதை அமைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. அவர்களுக்குத் தனிச் செய்திப் பிரிவு கிடையாது. தொலைக்காட்சிக்கு எது தேவை என்று மட்டும் தெரிந்திருந்தது.

திருப்பூர் வட்டாரத்தில் மிக நீண்ட காலம் நடந்த செய்திப்பணி அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்கானது. பவானி ஆற்று உபரி நீரைக் குளம் குட்டைகளில் நிரப்பக் கோரிய இந்தக் கோரிக்கை, அரை நூற்றாண்டுக்கு மேல் மனுவாகவும் மாநாடாகவும் துண்டறிக்கையாகவும் தேர்தல் வாக்குறுதியாகவும் சுற்றியது. 2016 பிப்ரவரியில் அவினாசியில் உண்ணாவிரதமானது. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கான அத்திட்டம், 1,916 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2024 ஆகஸ்டு 17இல் தொடங்கிவைக்கப்பட்டது.